முகம் சொல்ல மூன்று பேர்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? அத்தானின் முழங்கால் வலி குறைந்ததா? பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாளா?

இங்கே குளிர் இன்னும் போக மனமில்லாமல் நிற்கிறது. டிக்கெட் கவுன்டருக்குள் மேசைக்கடியில் ஒரு ஹீட்டர் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே கோடைக்காலம், மேலே பனிக்காலம். அப்படியே உட்கார்ந்து வேலை பார்க்கப் பழகிவிட்டது.

ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கள் ஓவியக்கூடத்துக்கு இந்த வருஷம் முப்பதாம் ஆண்டு. 'படங்களை உள்ளேயே பூட்டி வைத்தது போதும், ஊருக்குள் கொண்டுபோவோம்' என்று மேலாளர் முடிவு செய்துவிட்டார். ஊரில் பத்துச் சுவர்கள், ஒவ்வொன்றிலும் ஊர்க்காரர் ஒருவருடைய முகம், இரண்டு மாடி உயரத்துக்கு. பால்காரர், பஸ் கண்டக்டர், ஆஸ்பத்திரி நர்ஸ், பள்ளிக்கூட ஆசிரியை என்று ஆள் பிடித்துக்கொண்டே வந்தவர்கள், கேலரியிலிருந்தும் ஒருவர் வேண்டும் என்று என்னைப் போட்டுவிட்டார்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கிடங்கின் சுவர் எனக்கு. சிரிக்காதே.

வரைகிறவள் முப்பது வயதுப் பெண். எந்நேரமும் தோளில் ஏணி. ஊரே ஏணிக்காரி என்றுதான் கூப்பிடுகிறது. அவள் வேலை செய்யும் முறை விசித்திரமானது. யாரை வரைகிறாளோ அவரை அவள் பார்க்கவே மாட்டாள். போட்டோவும் கூடாது. அவரை அடிக்கடி பார்க்கிற மூன்று பேரைத் தனித்தனியாக உட்கார வைத்து, முகம் எப்படி இருக்கும் என்று சொல்லச் சொல்லி, கேட்டுக்கொண்டே வரைவாள். அதனால் அவள் கேலரிக்கு வரும்போதெல்லாம் பின்வாசல் வழியாக வருகிறாள். அவள் குரல் கேட்டால் நான் மேசைக்கடியில் எதையோ தேடுகிறவனைப் போலக் குனிந்துகொள்கிறேன்.

எனக்காகச் சொல்ல இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள். வீட்டுக்காரர் ஒருவர், நான் சாப்பிடும் கடையின் முதலாளி ஒருவர். மூன்றாவது ஆளுக்குப் பஞ்சமில்லை, என்றாலும் சொந்தத்தில் ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. என் முகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புகிறாயா? நீ வர வேண்டியதில்லை. இந்த மலை வளைவுகள் உனக்கு ஒத்துக்கொள்ளாது.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 27

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், அத்தானின் முழங்காலைத் தவிர. அது மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. பேத்தி நடக்கவில்லை, ஓடுகிறாள். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "ரெண்டு மாடி உயரத்துக்கு அவன் மூக்கா? அந்த ஊர்ல வெயிலே விழாதே!" என்றார். பிறகு தையல் கடைக்கு வந்த எல்லோரிடமும் என் மைத்துனன் முகத்தைச் சுவரில் வரைகிறார்கள் என்று பெருமை அடித்துக்கொண்டார். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் மலைபோல் குவிந்து கிடக்கிறது, இவர் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு உன் புராணம் பாடுகிறார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மூக்கு அப்பாவுடையது, நுனியில் கொஞ்சம் சப்பை. காது இரண்டும் கோப்பைக் கைப்பிடி போல வெளியே நிற்கும். பொய் சொன்னால் இடது காது மட்டும் சிவக்கும். நெற்றியில் முடி விழுந்துகொண்டே இருக்கும், நீ ஊதி ஊதித் தள்ளுவாய். சிரித்தால் முதலில் கண் சிரிக்கும், வாய்க்குச் செய்தி தாமதமாகத்தான் போய்ச் சேரும். போதுமா?

எழுதிய பிறகுதான் யோசித்தேன். நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது மகள் கல்யாணத்தில். அன்றைக்கும் நீ மாலை பஸ்ஸுக்கே ஓடிவிட்டாய். உன் பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு கொஞ்ச நாள் எங்களோடு இருந்தாயே, அந்த முகத்தைத்தான் நான் மனதில் வைத்திருக்கிறேன் போல. போனில் பேசினால் நீ ம்ம் கொட்டுவதோடு சரி. கடிதம் என்றால் நாலு வரி வருகிறது, அதனால்தான் இந்த வயதில் பேனாவைத் தேடிக்கொண்டு இருக்கிறேன்.

கேலரியில் உன்னோடு வேலை பார்க்கிறவர்கள் யாரும் சொல்ல மாட்டார்களா?

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியமாக இருக்கிறேன். உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். அத்தானிடம் மூக்குக்குத் தனி ஏணி வைக்கச் சொல்லியிருப்பதாகச் சொல்.

கேலரியில் வேலை பார்க்கிறவர்களைக் கேட்டாயே. எல்லோரும் நல்லவர்கள். ஆனால் அவர்கள் பின்வாசலில் வந்து உள்ளே போவார்கள், நான் முன்பக்கம் தனி அறை. அவர்கள் சாப்பிடும் நேரத்தில்தான் எனக்குக் கூட்டம். போகும்போது "பூட்டிடுங்க" என்பார்கள், நான் "சரிங்க" என்பேன். அதற்கு மேல் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்துகொள்வதில்லை.

நீ எழுதியதை ஏணிக்காரியிடம் மேலாளர் மூலமாகக் கொடுத்தனுப்பினேன். ரசித்துச் சிரித்தாளாம். ஆனால், "இது சின்னப் பையன் முகம். இப்ப தினம் பாக்கறவங்க சொல்லணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அந்த அவசரத்தில் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். என் அக்கா இதே ஊரில் கீழ்த்தெருவில்தான் இருக்கிறாள், என்னைத் தினமும் பார்க்கிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படியானால் நேரில் போய்ப் பார்க்கிறேன் என்று அவள் கிளம்ப, வாசல் வரை கூட நடக்க முடியாமல் படுக்கையில் இருக்கிறாள், எழுதித்தான் தருவாள் என்று இன்னொன்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. என் இடது காது என்ன நிறத்தில் இருந்தது என்று தெரியவில்லை. நல்ல வேளை, அவள் பார்க்கக்கூடாது.

அதனால் இன்னொரு தடவை எழுது அக்கா, தினமும் என்னைப் பார்க்கிற மாதிரி. எனக்கு இந்தச் சுவரில் வர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. இந்த வயதில் இதெல்லாம் என்ன ஆசை என்று நானே என்னைத் திட்டிப் பார்த்தேன், போகமாட்டேன் என்கிறது. ஜூன் முதல் வாரம் விழா. அதற்குள் மூன்று பேர் சொல்லி முடிக்காவிட்டால் என் சுவரில் வேறு யாரையாவது போட்டுவிடுவார்கள்.

மற்றபடி இங்கே எல்லாம் வழக்கம்போல. வீட்டுக்காரர் குடும்பம் மகனோடு போனதிலிருந்து கீழ்வீடு பூட்டித்தான் கிடக்கிறது. மழைக்காலத்திலிருந்து மாடியில் நான் மட்டும். சத்தமே இல்லை, நன்றாகத் தூங்க முடிகிறது. சமையலும் நானே, சாப்பாட்டுக் கடையை மூடிவிட்டார்கள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைக்காதே.

தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

படுத்த படுக்கையாக இருக்கும் உன் அக்கா எழுதுவது. தையல் மிஷினை மிதித்து மிதித்துக் கால் இரும்பாகிவிட்டவளை இப்படி முடக்கிப் போட்டாயே, நன்றாக இருப்பாயா? அத்தானிடம் சொன்னேன். "படுக்கையில இருந்தா எனக்கு யாரு காபி போட்டது?" என்கிறார். இங்கே எல்லோரும் சுகம்தான்.

ஒன்று கேட்கிறேன், காதில் பூச்சுற்றாமல் பதில் சொல். முதல் கடிதத்தில் வீட்டுக்காரரும் சாப்பாட்டுக் கடை முதலாளியும் தயாராக இருக்கிறார்கள் என்றாய். இந்தக் கடிதத்தில் வீட்டுக்காரர் மழைக்காலத்திலேயே போய்விட்டார், கடையை மூடிவிட்டார்கள் என்கிறாய். அப்படியானால் அந்த இரண்டு பேர் யார்?

நீ சொல்ல மாட்டாய் என்று தெரியும். அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். நான் துணி வெட்டுகிறவள். அளவு கையில் இல்லாமல் கத்தரியைத் தொட மாட்டேன். தினமும் பார்க்கிற மாதிரி எழுது என்றால் எதைப் பார்த்து எழுதுவது? ஒன்று செய். கண்ணாடி முன்னால் போய் நின்று, உச்சந்தலையிலிருந்து தாடை வரை இருக்கிறது இருக்கிறபடி எழுதி எனக்கு அனுப்பு. அதை நான் என் வார்த்தையில் மாற்றி உனக்குத் திருப்பி அனுப்புகிறேன். உன் முகத்தை நீ எனக்குச் சொல்லி, நான் உனக்குச் சொல்லி, நீ அவளுக்குச் சொல்வாய். இப்படி ஒரு கோமாளித்தனம் உலகத்தில் நம் வீட்டில்தான் நடக்கும்.

இரவில் என்ன சமைக்கிறாய் என்றும் எழுது.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன், நீங்கள் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். இரவில் பெரும்பாலும் சூப்பும் ரொட்டியும். குளிருக்கு அதுதான் இதம்.

நீ சொன்னபடி செய்தேன். வீட்டில் இருப்பது கையகலக் கண்ணாடி, சவரத்துக்கு மட்டும். அதில் முகம் தவணை முறையில்தான் தெரியும். விடுமுறை நாளில் கேலரியைத் திறந்துகொண்டு போய், கழிப்பறையில் இருக்கும் பெரிய கண்ணாடி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். குறித்துக்கொள்.

முடி: முன்பக்கம் இல்லை. நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்பதில் எல்லைத் தகராறு. மிச்சம் இருப்பது வெள்ளை. ஊதித் தள்ள இப்போது ஒன்றும் கிடையாது.

காது: நீ சொன்னதேதான். கோப்பை தேய்ந்துவிட்டது, கைப்பிடி அப்படியே இருக்கிறது.

மூக்குக் கண்ணாடி: ஒரு பக்கத்துக் கால் உடைந்து, கறுப்பு நூலால் சுற்றியிருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

கன்னம்: உள்ளே போயிருக்கிறது. இடது பக்கம் கடைவாய்ப் பல் இரண்டு இல்லாததால் அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதல் பள்ளம்.

வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு, இரண்டு விரல் நீளம். இதை எழுத வேண்டாம்.

மூக்கு: அத்தானிடம் சொல், இன்னும் வளர்ந்திருக்கிறது.

வாய்: மூடியிருக்கிறது. சிரித்துப் பார்த்தேன். அதையும் எழுத வேண்டாம்.

கண்ணைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை அக்கா. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிரில் இருக்கிறவன் என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன், இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு வெட்கமாகிவிட்டது. எழுந்து விளக்கை அணைத்துவிட்டு வந்தேன்.

கண்ணை மட்டும் நீயே பார்த்து எழுதிவிடு. சீக்கிரம் அனுப்பு.

தம்பி


ஏப்ரல் 28

தம்பி,

தழும்பு எப்படி வந்தது? எப்போது? கூட யார் இருந்தார்கள்?

இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் மற்றது. எங்களுக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறோம்.

அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எல்லோருடைய நலமும் தெரிந்து சந்தோஷம். உன் கோபம் தெரிந்து அதைவிடச் சந்தோஷம், உடம்பில் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம்.

அது ஒன்றும் இல்லை. போன மழைக்காலத்தில் படிக்கட்டில் வழுக்கிவிட்டது. கொஞ்சம் தையல் போட்டார்கள். நீ போடுகிற தையல் அளவுக்கு நேர்த்தி இல்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் நல்ல கவனிப்பு. அப்போதே எழுதியிருப்பேன், உனக்கு அது சீருடை சீசன்.

இங்கே இப்போது தெருவில் இறங்கினாலே வேடிக்கை. பால்காரர் சுவர் முடிந்துவிட்டது. அவரைப் பற்றிச் சொன்ன மூன்று பேரும் மீசையைத்தான் சொல்லியிருக்கிறார்கள் போல, சுவரில் பாதி மீசை. "மீசை எனக்கா, மீசைக்கு நானா?" என்று அவர் மேலாளரிடம் சண்டைக்கு வந்துவிட்டார். நர்ஸ் சுவரில் அந்தம்மா அழகாகச் சிரிக்கிறார். அவருடைய கணவர் அதன் முன்னால் வண்டியை நிறுத்தி, "இது யாருன்னு எனக்குத் தெரியலையே, வீட்ல இப்படி ஒருத்தங்க இல்லையே" என்று சொல்ல, தெருவே சிரித்தது. நானும் ஓரமாக நின்று சிரித்தேன்.

என் சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வழியாகத்தான் போகிறேன், சுற்று வழி என்றாலும். வெறும் வெள்ளையாக இருக்கும்போதே நன்றாக இருக்கிறது.

ஏணிக்காரி நேற்றும் மேலாளரிடம் கேட்டாளாம். இந்த மாதக் கடைசிக்குள் உன் கடிதம் வந்தால் போதும். மற்ற இரண்டு பேரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மே 21

தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். உனக்கு என்ன என்று கேட்கப் போவதில்லை, நன்றாக இருக்கிறேன் என்றுதான் எழுதுவாய்.

மூன்று கேள்வி கேட்டேன். இரண்டுக்குப் பதில் வந்தது. கூட யார் இருந்தார்கள் என்பதற்கு 'நல்ல கவனிப்பு' என்று எழுதியிருக்கிறாய்.

நேற்றுக் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து நீ கேட்டதை எழுதினேன். நீ அனுப்பிய அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, 'என் தம்பியைத் தினமும் காலையில் பார்ப்பேன்' என்று முதல் வரி போட்டேன். இரண்டாவது வரி ஓடவில்லை. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன், மறுபடியும் கிழித்தேன். அத்தான் பார்த்துவிட்டு, "கேட்டதை எழுதிக் குடுத்துட்டுப் போயேன், அவன் ஆசைப்படறான்ல" என்றார். முடியவில்லையடா. நூல் சுற்றிய கண்ணாடியையும் உள்ளே போன கன்னத்தையும் தினமும் பார்க்கிறேன் என்று எழுதினால், தினமும் பார்த்துவிட்டு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அந்தப் பெண் கேட்க மாட்டாளா?

நான் வந்து சொல்கிறேன். கீழ்த்தெருவில் ஒரு கட்டிலைப் போடு, படுத்துக்கொண்டே சொல்கிறேன். வரட்டுமா? உடனே எழுது.

அக்கா


ஜூன் 17

தம்பி,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போன் அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது. விழா முடிந்திருக்கும். எழுதிக் கொடுக்கவில்லை என்ற கோபமா? கோபம் என்றால் திட்டியாவது எழுது. மறுபடி எங்காவது விழுந்து கிடக்கிறாயோ என்ற நினைப்பிலேயே நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாகவே வெட்டி வைத்துவிட்டேன்.

அத்தானுக்கு முழங்கால் அப்படியே இருக்கிறது. உனக்கு எப்படி இருக்கிறது என்று யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஊரில் எனக்கு உன்னைத் தவிர ஒருவரையும் தெரியாது.

அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

விழவில்லை. கோபமும் இல்லை. நீ 'வரட்டுமா' என்று கேட்டதற்கு, வேண்டாம், குளிர், வளைவு என்று வழக்கமாக எழுதுவதை எழுத உட்கார்ந்தேன். இந்தத் தடவை கை வரவில்லை. வா என்று எழுதவும் தைரியம் வரவில்லை. அப்படியே நாள் போய்விட்டது.

இந்தக் கடிதத்தோடு செய்தித்தாளில் வந்த ஒரு படத்தை வெட்டி வைத்திருக்கிறேன். கிடங்குச் சுவர்தான். நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாதக் கடைசியில் ஏணிக்காரி கவுன்டருக்கே வந்துவிட்டாள். கவுன்டரில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிதான், ஆனால் அதில் இத்தனை வருஷத்துக் கண்காட்சி அறிவிப்புகளும் ஒட்டியிருப்பதால் உள்ளே இருக்கிறவன் முகம் தெரியாது. கீழே டிக்கெட் கொடுக்க அரைவட்டமாக ஒரு ஓட்டை. அதன் வழியாகத்தான் பேசினாள். "உங்களுக்காகச் சொல்ல யாருமே வரலையே?" என்றாள். "என் பேரை எடுத்துடுங்கம்மா" என்றேன். "மூணு பேர் வேணாம். ஒருத்தர்? யாராவது ஒருத்தர்?" என்றாள். "இல்லம்மா" என்றேன். கீழ்த்தெருவில் அக்கா இருக்கிறாள் என்பதும் பொய் என்று சொல்லிவிட்டேன். "சரி, நானே ஊர்ல கேட்டுப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கேட்டிருக்கிறாள் அக்கா, வீடு வீடாக. டிக்கெட் கொடுக்கிறவர் முகம் எப்படி இருக்கும் என்று. ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கையைத் தெரிந்திருக்கிறது. சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும் என்று கண்டக்டர் சொல்லியிருக்கிறார். டிக்கெட்டை நாம் படிக்கிற பக்கமாகத் திருப்பித்தான் தருவார், பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது உள்ளங்கையில் வைத்து விரலை மூடிவிடுவார் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். நகம் ஒட்ட வெட்டியிருக்கும், குளிர்காலத்தில் புறங்கை வெடித்திருக்கும் என்று பால்காரர். நர்ஸ் சொன்னதை மட்டும் ஏணிக்காரி மறுபடி அந்த ஓட்டைக்கு வந்து என்னிடம் தனியாகச் சொன்னாள். "தையல் போடறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டார். கட்டுப் போட்டு முடிச்ச பிறகும் ரொம்ப நேரம் விடலை. நானும் எடுத்துக்கலை" என்றாராம். நினைவிருக்கிறது அக்கா. கூட யார் இருந்தார்கள் என்று கேட்டாயே, அந்தம்மாதான் இருந்தார்.

ஆக, ஒன்பது சுவரில் முகம், என் சுவரில் கை. எல்லோரும் இதுதான் இருப்பதிலேயே அழகு என்கிறார்கள். நிஜமாகவே அழகாகத்தான் இருக்கிறது.

விழாவன்று கேலரியில் எல்லோருக்கும் இலவசம். டிக்கெட் இல்லாததால் கவுன்டரைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். எனக்கு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. கூட்டத்தோடு கூட்டமாகக் கிடங்குச் சுவருக்குப் போனேன். பக்கத்தில் நின்றவர் தன் குடும்பத்தைக் கூட்டி வந்திருந்தார். வெளியூர் ஆள் என்று நினைத்துக்கொண்டு என்னிடம், "இது யாரு கை தெரியுங்களா? நம்ம டிக்கெட் கவுன்டர்ல இருக்கிறவரு கை. அருமையான மனுஷன்" என்றார். "அப்படிங்களா" என்றேன். இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். அவர் போகிற வரைக்கும் எடுக்கவில்லை.

கண்ணாடியில் அந்த அறிவிப்புகளை ஒட்டியது யாரும் இல்லை, நான்தான். வந்த புதிதில் ஒவ்வொன்றாக ஒட்டினேன். உன் வீட்டில் இருந்தபோது எல்லோரும் என்னைப் பாவம் என்று பார்த்தீர்கள், அதைத் தாங்க முடியாமல்தான் இந்த ஊருக்கு வந்தேன். இங்கே யாரும் பார்க்கவே இல்லை. முதலில் அது நிம்மதியாக இருந்தது. எப்போது நிம்மதி போனது என்று தெரியவில்லை. இப்போது சாயங்காலம் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது, வீட்டுக்குப் போகாமல் இருக்க ஏதாவது வேலை மிச்சம் இருக்கிறதா என்று தேடுகிறேன்.

நான் நன்றாக இல்லை அக்கா. எழுதுகிற போதெல்லாம் நலம் என்று எழுதியது பொய். நீ வா.

தம்பி


ஜூன் 30

என் தம்பிக்கு,

படத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு நானும் அத்தானும் பார்த்தோம். எனக்கு அந்தக் கையைத் தெரியவில்லை. சுண்டுவிரல் எப்போது வளைந்தது என்று அத்தானைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. பால்காரருக்கும் கண்டக்டருக்கும் தெரிந்த கை எனக்குத் தெரியவில்லை. மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நன்றாக அழுதேன். அத்தான் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அதில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. குடித்துவிட்டேன்.

கடையை மூடியாகிவிட்டது. சீருடை எல்லாம் பத்து நாள் பொறுக்கட்டும், பிள்ளைகள் பழைய சட்டையில் படித்தாலும் படிப்பு ஏறும். வியாழக்கிழமை காலையில் உன் ஊருக்கு வந்து சேரும் பஸ்ஸில் வருகிறேன். அத்தானும் முழங்காலைத் தூக்கிக்கொண்டு வருகிறார், வேண்டாம் என்றால் கேட்கவில்லை. வளைவு எத்தனை இருந்தால் எனக்கென்ன, வாந்தி எடுக்கப் பை எடுத்து வைத்திருக்கிறேன். திரும்பிப் போகும் நாளைப் பற்றி இப்போது பேச வேண்டாம். உன் துணிமணியும் எங்களோடு கீழே இறங்குமா என்பதையும் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். பாவம் என்று பார்க்க மாட்டேன். எனக்கு வருகிற கோபத்தில் அதற்கெல்லாம் இடமில்லை.

பஸ் நிலையத்துக்கு வந்து காத்திருக்காதே, எனக்கு உன்னைக் கூட்டத்தில் அடையாளம் தெரியாமல் போய்விட்டால் நான் தாங்க மாட்டேன். சுவரையும் அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். இறங்கியதும் நேராகக் கேலரிக்குத்தான் வருவேன். கண்ணாடியைத் தட்டுவேன். அந்த ஓட்டை வழியாகக் கையை நீட்டாதே, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நில். வாந்தி எடுத்த முகத்தோடு நானும் தையல் போட்ட முகத்தோடு நீயும் முதலில் ஒருவரை ஒருவர் நன்றாகப் பார்த்துக்கொள்வோம்.

அக்கா